நான் பச்சைச் சீட்டு கட்டிய ஆக்சில்

இதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் கூடவே சிரித்தேன். ஆனால் ஆறு வருடமாக எனக்கே இதில் முழு நம்பிக்கை இல்லை. நடந்ததெல்லாம் நடந்ததுதான். நடுவில் ஒரே ஒரு இடம் மட்டும் பொருந்தாமல் நிற்கும். அங்கே வரும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்தி, வேகமாகச் சொல்லித் தாண்டிவிடுவேன். யாரும் கவனித்ததில்லை.

போன மாதம் அந்த இடத்திலேயே உட்கார வேண்டி வந்துவிட்டது. ஆகவே இந்த முறை தாண்டாமல் சொல்கிறேன்.

அன்றைய வேலை ரொம்பச் சாதாரணமானது. பழைய டிரெய்லர் ஆக்சில் ஒன்றைப் பார்த்து, அது எத்தனை டன் தாங்கும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

சொல்லச் சொன்னவர் என் மனைவியின் அண்ணன் மாதையன். பர்கூர் பக்கம் மாந்தோப்பு, ஒரு டிராக்டர். குந்தாரப்பள்ளி தாண்டி இருந்த மாங்கூழ் ஃபேக்டரியின் ஏஜெண்ட் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். சொந்தமாக டிரெய்லர் வைத்து, நடைக்கு நாலு டன் கொண்டுவந்தால், அந்தச் சுற்று வட்டாரத் தோப்புகளின் காயை எல்லாம் ஏற்றிவரும் வேலை சீசன் முழுக்க மாதையனுக்கே. முதல் நடை சொன்ன நாளில் மதியத்துக்குள் கேட்டுக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆள் தயாராக இருக்கிறார்.

மாதையன் அதுவரை வாடகை டிரெய்லரில் ஓட்டிக்கொண்டிருந்தவர். இந்த வேலை கிடைத்தால் அந்த வாடகைக்காரர் வாசலில் போய் இனி நிற்க வேண்டாம். அதனால் கிருஷ்ணகிரியில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி டிரெய்லருக்குப் பாடி கட்டிவிட்டார். பக்கப் பலகையில் குலதெய்வத்தின் பெயர்கூட எழுதியாகிவிட்டது. அடியில் மட்டும் ஒன்றும் இல்லை. வண்டி செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது.

புது ஆக்சில் கட்டுப்படி ஆகாது. பழசு எடுக்கலாம். ஆனால் பழசில் எது எவ்வளவு தாங்கும் என்று யாருக்குத் தெரியும்?

“நீங்கதான் மாப்ள கம்பெனியில இரும்பைப் பாத்துப் பாத்து இது ஆவும், இது ஆவாதுன்னு சொல்றவராச்சே” என்றார் மாதையன்.

அது உண்மைதான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இருபத்துச் சொச்சம் வயதில் ஓசூருக்கு வந்தவன் நான். வந்த நாளிலிருந்து ஒரே ஃபேக்டரி, ஒரே வேலை. குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அளந்து பார்த்துச் சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு. சந்தேகம் என்றால் மஞ்சள். தள்ளுவதென்றால் சிவப்பு. ஓட்டலில் தோசையா பூரியா என்று முடிவெடுக்கவே எனக்குப் பத்து நிமிடம் ஆகும். இரும்பு விஷயத்தில் மட்டும் அரை நிமிடம்.

ஆனால் நான் பார்த்த இரும்பெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற இரும்பு. ஆக்சிலை நான் பேருந்து நிலையத்தில், பழுதாகி நின்ற வண்டிக்கு அடியில்தான் பார்த்திருக்கிறேன். அதை மாதையனிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. என் மனைவி காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். “பாத்துரலாம் மச்சான்” என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். பையில் வெர்னியர், ஒரு சுத்தியல், நூல்கண்டு, பழைய பேரிங் கேட்டலாக், என் எண் பஞ்ச். எங்கள் ஃபேக்டரியில் ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் ஒரு எண் உண்டு. பஞ்சை வைத்து ஒரு தட்டு தட்டினால் எண் இரும்பில் இறங்கிவிடும். யார் பாஸ் பண்ணினார் என்று பிறகு பிடிப்பதற்காக அந்த ஏற்பாடு. என் எண் 17.

சட்டைப் பையில் பச்சைச் சீட்டுகளும் இருந்தன. பச்சை மட்டும்தான். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூளகிரி போகிற வழியில் நாராயணப்பாவின் யார்டு. பழைய லாரிகளைப் பிரித்து விற்கிற இடம். நாராயணப்பா கால் உடைந்த பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். நாலாவது காலுக்குச் செங்கல் வைத்திருந்தார். அவர் பேச ஆரம்பித்தால் கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் வளைந்து, தமிழில் வந்து முடிப்பார். அதற்குள் சேர் ரெண்டு முறை ஆடிவிடும்.

ஆறு ஆக்சில்கள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றைக் காட்டி, இது எத்தனை டன் தாங்கும் என்று கேட்டேன்.

“நீங்க எத்தனை டன் ஏத்துவீங்க?”

“நாலு.”

“அப்ப நாலு தாங்கும்.”

இதற்குள் ஜல்லி ஏற்றுகிறவர் ஒருவர் வந்து, அதே ஆக்சிலைக் காலால் தட்டி, தனக்கு எட்டு டன் வேண்டும் என்றார். தாராளமாக எட்டும் தாங்கும் என்றார் நாராயணப்பா. அவர் போனதும், ஒரே பொருள் எப்படி நாலும் எட்டும் ஆகும் என்று கேட்டேன். என் குரலில் இருபது வருட இன்ஸ்பெக்டர் இருந்திருப்பார். நாராயணப்பா கோபித்துக்கொள்ளவில்லை.

“நாலு ஏத்தறவனுக்கு நாலு தாங்கும், எட்டு ஏத்தறவனுக்கு எட்டு தாங்கும். ஆக்சில் வஞ்சனை பண்ணாது சார். மனுசந்தான் பண்ணுவான்.”

இவரிடம் பேசிப் பயனில்லை, முறைப்படிதான் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தேன். வெர்னியரை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, முதல் ஆக்சிலின் கனத்தைப் புள்ளிக்குப் பின் ரெண்டு எண் வரை படித்து நோட்டில் எழுதினேன். நாராயணப்பா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

“மண்ணோட சேத்தா சார், இல்ல மண்ணு போகவா?”

ஒரு விரல் கனத்துக்குக் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. நான் அளந்தது பெரும்பாலும் பெங்களூர் ரோட்டை. அவரே கம்பி பிரஷ் ஒன்று கொடுத்தார். ஆறு ஆக்சில்களையும் நான்தான் தேய்த்தேன். அவர் யார்டில் அந்த மூலை அவ்வளவு சுத்தமாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான் என்று பிறகு சொன்னார்.

தேய்த்து முடித்ததும் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். மூன்றில் வளைவு. அவற்றை விட்டேன். ஒன்றில் சக்கரம் மாட்டும் முனை தேய்ந்திருந்தது. அதையும் விட்டேன். மீதி ரெண்டு. ரெண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஒரே நீளம், ஒரே கனம், எழுபத்தைந்து மில்லி சதுரம், ஒரே துரு.

சுத்தியலால் தட்டினேன். முதலாவது “டொக்” என்றது, அவ்வளவுதான். ரெண்டாவது கோவில் மணி மாதிரி இழுத்துக்கொண்டு போனது. எவ்வளவு சத்தம் பாருங்க, நல்ல இரும்பு என்றார் நாராயணப்பா. குனிந்து பார்த்தேன். எல் எழுத்து மாதிரி மடிந்த ரெண்டு ஆங்கிள் இரும்பைச் சேர்த்து நீளவாக்கில் வெல்டிங் அடித்திருந்தார்கள். உள்ளே வெறும் கூடு.

“இது ஆகாது. ரெண்டு டன் தாங்கினாலே பெரிசு” என்று சத்தமாகச் சொன்னேன். சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். ஃபேக்டரியாக இருந்தால் அந்த நிமிடமே சிவப்புச் சீட்டு கட்டியிருப்பேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான்: பாஸ் ஆனதற்கு அடையாளம் போட மறந்தாலும், தள்ளினதற்குப் போட மறக்காதே. ஆனால் என் பையில் இருந்தது பச்சை மட்டும்தான். மச்சானுக்கு நல்ல செய்தி சொல்லப் போகிறவன் சிவப்பை எதற்கு எடுத்துக்கொண்டு போவான்?

“டொக்” என்ற முதல் ஆக்சிலின் மூடியைக் கழற்றி, கிரீஸைத் துடைத்து, பேரிங்கின் எண்ணைப் படித்தேன். அதற்குள் என் சட்டை, ஒரு காது, நோட்டு எல்லாம் கிரீஸ். ஆக்சில் எவ்வளவு தடியாக இருந்தாலும் பேரிங் தாங்குகிற அளவுதான் கணக்கு. கேட்டலாக்கைப் பார்த்துப் பெருக்கி, வகுத்து, பாதுகாப்புக்காகக் கொஞ்சம் குறைத்தேன். ஐந்து டன் வந்தது. நாலு தாராளம்.

ஓரத்தில், ஸ்பிரிங் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில், 17 என்று பஞ்ச் அடித்தேன். பச்சைச் சீட்டில் “4 டன், சரி” என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நூலால் கட்டினேன். அந்த நூலைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன்.

நாராயணப்பாவின் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. எதை வாங்கினாலும் வாங்குகிறவர் அதன் மேல் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க வேண்டும். கியர் பாக்ஸ் என்றாலும் அப்படித்தான், ரேடியேட்டர் என்றாலும் அப்படித்தான். அவருடைய அப்பா காலத்து ஏற்பாடாம். ஆக்சிலை ரெண்டு கல் மேல் தூக்கி வைத்தார்கள். மடித்த சாக்கு ஒன்றை மேலே போட்டு, “கூத்கொள்ளி சார், உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். டீ வந்தது. ரெண்டு ஓரத்திலும் சக்கரம் மாட்டுவதற்காக இருந்த டிரம்மில் ஆளுக்கொரு பக்கம் கிளாஸை வைத்துக்கொண்டோம்.

நாராயணப்பா முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார். ஒன்றும் ஆடவில்லை. “சமமா இருக்கு சார்” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் காலையிலிருந்து பார்க்கவில்லை. என் வேலையைத்தான் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மச்சான் நாளைக் காலையில் மினி லாரியோடு வருவார், பச்சைச் சீட்டு கட்டினதை ஏற்றி அனுப்புங்கள் என்று சொன்னேன். பச்சைச் சீட்டுதானே, ஆயித்து என்றார். அவர் ஊரில் அதற்கு, முடிந்தது, கவலை வேண்டாம் என்று பொருள். நான் கிளம்பிவிட்டேன். கறிக் குழம்பு ஆறுகிறது என்று வீட்டிலிருந்து மூன்று மிஸ்டு கால் வந்திருந்தது.

மறுநாள் மாதையன் கூப்பிட்டார். ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாராம். சீட்டு பத்திரமாக இருக்கிறதாம்.

சீட்டுக்கு அங்கே நடந்த மரியாதையைப் பிறகுதான் பார்த்தேன். பட்டறையில் ஆக்சிலுக்குக் கெட்டியாக நீலப் பெயிண்ட் அடித்தபோது, மாதையன் பக்கத்திலேயே நின்று சீட்டின் மேல் ஒரு சொட்டுப் படாமல் பார்த்துக்கொண்டாராம். வண்டிக்குப் பூஜை போட்ட அன்று பாடிக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், சீட்டுக்குக் குங்குமம். தேங்காய் உடைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். என் மனைவி அன்று தன் பிறந்த வீட்டில் நடந்த நடையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

இப்போது அந்த இடம் வருகிறது. நான் வழக்கமாகத் தாண்டிவிடுகிற இடம்.

பூஜை முடிந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெல்டர் என் பக்கத்தில் வந்து குந்தினார். மெதுவான ஆள். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“சார், வேல செய்யறப்ப தட்டினேன். கொஞ்சம் கணீர்னு சத்தம் வந்துது. மச்சானாண்ட சொன்னேன். அவுரு சீட்டைக் காட்டினாரு.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இலையை மூடிவிட்டு, எழுந்து போய், ஒரு தட்டு தட்டிப் பார்த்திருக்க வேண்டும். பத்து அடி தூரம். பெயிண்ட் அடித்தால் சத்தம் கொஞ்சம் மாறும் என்று சொன்னேன். வாயில் பொங்கலோடு சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கம்பெனி ஆபீசரிடம் அதற்கு மேல் அவர் என்ன பேசுவார்?

முதல் நடை அன்று லீவு போட்டுவிட்டு நானும் போனேன். பெங்களூரா காய். ஜூஸுக்குப் போகிற ஜாதி. ஆட்கள் இன்னும் ரெண்டு கூடை, இன்னும் ரெண்டு கூடை என்று ஏற்றப் பார்த்தார்கள். நான் விடவில்லை. எடைமேடையில் ஏற்றி, காய் நாலு டன்னுக்குக் கீழேதான் என்று சீட்டு வாங்கிப் பையில் வைத்த பிறகுதான் வண்டியை எடுக்கவிட்டேன். ஆகவே அதிகம் ஏற்றினோம் என்கிற சாக்குகூட எனக்கு இல்லை.

டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்துகொண்டேன். காற்று நன்றாக இருந்தது.

கிருஷ்ணகிரி தாண்டியதும் கீச் கீச் என்றது. மாதையன் திரும்பிப் பார்த்தார். பேரிங் இன்னும் பழகவில்லை என்றேன். கொஞ்ச தூரத்தில் ரப்பர் கருகுகிற நாற்றம். வேறு ஏதோ வண்டி என்றேன். அந்த நேரத்தில் ரோட்டில் எங்கள் வண்டி மட்டும்தான் இருந்தது. அப்புறம் ஒரு பஸ் எங்களைத் தாண்டியது. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, “அண்ணா, உங்க வண்டி காலை அகட்டுது” என்றார்.

இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டார் மாதையன். இன்னும் கொஞ்ச தூரம்தான், போய்விடலாம் என்றேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தவன் நிறுத்தச் சொல்ல மாட்டான். நிறுத்தினால் பார்க்க வேண்டுமே.

அன்று குந்தாரப்பள்ளியில் சந்தை. மாடு, ஆடு, கோழி, கயிறு, சட்டி எல்லாம் ரோடு வரை வந்திருந்தன. சந்தை வாசலுக்கு நேராக வந்ததும் டிரெய்லர் ஒரு பெருமூச்சு விட்டது. அப்படியே பசுமாடு படுப்பதுபோல மெல்ல உட்கார்ந்தது. குனிந்து பார்த்தேன். ஆக்சில் நடுவில் தொங்கி, சிரிக்கிற வாய் மாதிரி இருந்தது. ரெண்டு டயரும் மேலே ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்து, பாடியில் உரசிக்கொண்டு நின்றன. நடுவில் பச்சைச் சீட்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மணி பத்தரை. ஃபேக்டரி கேட் அங்கிருந்து அதிக தூரமில்லை. மதியத்துக்குள் வேறு வண்டியில் மாற்றிப் போய்விடலாம் என்று மாதையன் போன் போட ஆரம்பித்தார். சுமையைக் குறைக்கக் காயை இறக்க வேண்டும். தார்ப்பாயை விரித்து ரோட்டோரம் கொட்டினோம்.

சந்தை நாளில், சந்தை வாசலில், தார்ப்பாயில் மாங்காயைக் கொட்டினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ரெண்டு நிமிடத்தில் கூட்டம். ஒரு அம்மா காயை அமுக்கிப் பார்த்து விலை கேட்டார். விற்பனைக்கு இல்லை என்றார் மாதையன். “எல்லாரும் இப்டித்தான் ஆரம்பிப்பீங்க” என்றார் அந்த அம்மா. முந்தானையில் இருபது காயை அள்ளிக்கொண்டு, தானாகவே ஒரு விலை சொல்லி, அதை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் ஒரு பெரியவர் என்னிடம் வந்து கையைப் பிடித்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து எங்கள் ரெண்டு கையையும் மூடினார். துண்டுக்குள் என் விரலில் ரெண்டைப் பிடித்து அமுக்கினார். கஷ்டத்தில் இருக்கிறவனுக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். இந்தப் பக்கத்து ஜனங்களின் ஈரமே தனி என்று மனம் இளகிவிட்டது. நானும் அவர் கையைக் கெட்டியாகத் திருப்பி அமுக்கினேன். முழுக் கையையும்.

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டு எங்கள் டிரெய்லரைக் கழற்றச் சொன்னார்.

மாட்டுத் தரகர். விலையை வாயால் பேசுவதில்லை, துண்டுக்குள் விரலால்தான். உடைந்து நிற்கிற வண்டி விற்பனைக்கு என்று நினைத்து அவர் ஒரு விலை வைக்க, நான் முழுக் கையையும் பிடித்து அதற்குச் சம்மதம் சொல்லியிருக்கிறேன். மாதையன் ஓடிவந்து, இவர் ஊருக்குப் புதுசு, பழக்கமில்லை என்று சொல்லி மீட்டார். அப்போது நான் அந்த மாவட்டத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். மாதையன் எனக்காகச் சொன்ன ஒரே பொய் அதுதான்.

மாற்று வண்டி வந்தபோது மணி ஒன்றரை. அதற்குள் ஏஜெண்ட் கூப்பிட்டுவிட்டார். வேலை அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. அடுத்த ஆள் வேறு யாருமில்லை, மாதையனுக்கு இத்தனை வருடம் டிரெய்லர் வாடகைக்கு விட்டவர்தான்.

மாதையன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வண்டிக்கு அடியில் படுத்து, நூலை அவிழ்த்து, குங்குமம் காய்ந்திருந்த சீட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

“வச்சிக்கோங்க மாப்ள. வேற எதுக்கானா ஆவும்.”

அந்த சீசன் முழுக்க அவர் மறுபடி அதே வாடகைக்காரர் வாசலில்தான் நின்றார்.

அடுத்த ஞாயிறு பட்டறைக்குப் போனேன். வளைந்த ஆக்சில் மூலையில் கிடந்தது. என் 17-ஐத் தேடினேன். நான் பஞ்ச் அடித்த இடத்துக்கு நேர் மேலே ஸ்பிரிங்குக்கான பட்டையை வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். சுற்றிலும் நாணயத்தால் பெயிண்டைச் சுரண்டினேன். ஒன்றும் தெரியவில்லை. தட்டிப் பார்க்க ஒரு சுத்தியல் கேட்கலாம் என்றால், சுத்தியல் வெல்டர் கையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் அது எடைக்குப் போய்விட்டது.

ஆக்சில் மாறியிருக்குமோ என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் தப்புச் செய்த எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். “சார், அது நான் செஞ்ச பீஸ் இல்ல, மாறிப்போச்சு” என்று ஃபேக்டரியில் எத்தனையோ பேர் என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள். ஒருவரையும் நான் நம்பியதில்லை. என்னை மட்டும் எப்படி நம்புவது?

ஆகவே தப்பாக அளந்துவிட்டேன் என்றே எல்லாரிடமும் சொன்னேன். கணக்கை மட்டும் எடுத்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஐந்து டன் வந்தது. கணக்கு தப்பாக வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஃபேக்டரியிலும் மாறிப்போனேன். எதை அளந்தாலும் ஒரு சந்தேகம். எல்லாவற்றுக்கும் மஞ்சள் சீட்டு கட்ட ஆரம்பித்தேன். எனக்கு “மஞ்சள் சார்” என்று பெயர் வந்துவிட்டது. மாமனார் வீட்டில் குக்கர் வாங்கினால்கூட, மாப்பிள்ளையைக் கேட்காதே என்பார்கள். மாதையன் கொட்டகைக்குக் கேட் போட்டபோது, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எதிர் வீட்டு வாத்தியாரிடம் கம்பியின் கனத்தைப் பற்றி யோசனை கேட்டார். அவர் சமூக அறிவியல் வாத்தியார்.

இப்படி ஆறு வருடம்.

போன மாதம் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கொடுக்க இரும்புக் கட்டை தேவைப்பட்டது. வேறு எங்கேயும் சரியாகக் கிடைக்கவில்லை. தயங்கித் தயங்கி நாராயணப்பாவின் யார்டுக்குப் போனேன். ரோட்டை அகலப்படுத்தியதில் யார்டு கொஞ்சம் பின்னால் போயிருந்தது. நாராயணப்பாவுக்கு முடி நரைத்திருந்தது. தூரத்திலேயே கண்டுகொண்டு, “பச்சைச் சீட்டு சார்” என்றார்.

அவருக்கு என்னைத் தெரிகிறதே என்று சந்தோஷப்படுவதா, எதனால் தெரிகிறது என்று வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. தொழில் நன்றாகப் போகிறதாம். பெரிய கம்பெனி ஆபீசர் ஒருவர் ஒருநாள் முழுக்க வந்து நம் பொருளையெல்லாம் சோதனை பண்ணிவிட்டுப் போனார் என்று இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்கிறாராம்.

“கூத்கொள்ளி சார்” என்றார்.

தகரக் கொட்டகைக்கு அடியில் பெஞ்சு மாதிரி ஒன்று இருந்தது. ரெண்டு கல், மேலே ஒரு இரும்பு, அதன் மேல் மடித்த சாக்கு. நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன். நாராயணப்பா பக்கத்தில். அந்தப் பக்கம் லோடு ஏற்றுகிறவர்கள் மூன்று பேர் ஏற்கெனவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். டீ வந்தது. கிளாஸை வைக்க இடம் தேடினேன். ஓரத்தில் வசதியாக ஒரு டிரம் இருந்தது.

யோசனை வந்தால் என் விரல் சும்மா இருக்காது, எதையாவது தடவிக்கொண்டிருக்கும். சாக்குக்குக் கீழே இரும்பைத் தடவியது. ஒரு கோடு தட்டுப்பட்டது. பக்கத்திலேயே ஒரு வளைவு. சாக்கை விலக்கிக் குனிந்து பார்த்தேன்.

17.

விரல் முட்டியால் தட்டினேன். “டொக்.”

முதலில் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். ஆறு வருடமாகத் தப்பாக இருந்த கணக்கு அந்த நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறோம், ஒரு மயிரிழைகூட வளையவில்லை. அந்தச் சந்தோஷம் அரை கிளாஸ் டீ வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு வெல்டரின் முகம் வந்தது. பொங்கல் இலை வந்தது. அங்கிருந்து பத்து அடியில் நான் எழுந்து போய்த் தட்டாத ஆக்சில் வந்தது. உள்ளே கூடாக இருந்த அந்த ரெண்டாவது ஆக்சிலில் ஒரு சிவப்புச் சீட்டு கட்டியிருந்தால் அதை யார் ஏற்றியிருப்பார்கள்? மச்சானிடம், சீட்டைப் பார்க்காதீர்கள், 17 இருக்கிறதா என்று பாருங்கள் என ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? மாதையனின் ஒரு சீசனை, யாரும் அவிழ்த்து வேறொன்றில் கட்டிவிடக்கூடிய ஒரு முழ நூலில் நான் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

நான் குனிந்து பார்த்ததை நாராயணப்பா கவனித்துவிட்டார். அவர் முகம் மலர்ந்தது. பெஞ்சைச் செல்லமாகத் தட்டினார்.

“அன்னைக்கு நீங்களும் நானும் இதுமேல உக்காந்து டீ குடிச்சோமே சார். அதோட இதைக் கொடுக்க எனக்கு மனசே வரல. எத்தனையோ பேர் கேட்டாங்க. நீங்க பாஸ் பண்ணதாச்சே, வெளிய அனுப்பலாமான்னு வச்சிக்கிட்டேன்.”

டீ கிளாஸை டிரம்மின் மேல் வைத்தேன். ஆறு வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன்.

“அப்ப எங்க மச்சான் ஏத்திக்கிட்டுப் போனது எது நாராயணப்பா?”